மைனஸ் 30-இல் பிளக்-இன் ஹைப்ரிட்: பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய்

கனடாவின் வின்னிபெக்கில் மைனஸ் 29 டிகிரி காட்டிய ஒரு ஜனவரிக் காலையில், எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். புதிதாக வாங்கிய பிளக்-இன் ஹைப்ரிட் காருக்குள் (பிளக்கில் சார்ஜ் செய்து மின்சாரத்திலும், தேவைப்பட்டால் பெட்ரோலிலும் ஓடும் கார்) ஹீட்டரை அணைத்துவிட்டு, இரண்டு ஜோடிக் கையுறைகளுடன், முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்திருந்த உறைபனியைப் பழைய வங்கி அட்டை ஒன்றால் சுரண்டிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். "ஹீட்டர் போட்டா எஞ்சின் ஓட ஆரம்பிச்சுடுது அண்ணா. பெட்ரோல் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, அதைக் கெடுக்க மனசு வரல" என்றார். ஏழு குளிர்காலங்களுக்கு முன்பு, ஏறக்குறைய இதே சொற்களை நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

நான் மெக்கானிக் அல்லன். இந்த வகைக் காரை இந்த ஊர்க் குளிரில் ஓட்டிப் பட்டுத் தெரிந்துகொண்டவன். குளிர்கால டயர், மைனஸ் 40 வரை உறையாத கண்ணாடித் திரவம் போன்றவற்றை எந்தக் கடையிலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, இந்தக் காரில் பலரும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

திரை காட்டும் கிலோமீட்டரைப் பார்த்துப் பதறுவது

பேட்டரியில் மட்டும் ஓடக்கூடிய தூரமாகக் கோடையில் 60 கிலோமீட்டர் காட்டிய கார், ஜனவரியில் அதில் பாதியைக் காட்டினால் பேட்டரி கெட்டுவிட்டதாகப் பொருள் இல்லை. குளிரில் லித்தியம் அயனி பேட்டரிக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகி, உள்மின்தடை கூடுகிறது. அதைவிடப் பெரிய செலவு ஹீட்டர். ஐந்து கிலோவாட் இழுக்கும் மின் ஹீட்டர் அரை மணி நேரத்தில் இரண்டரை யூனிட்டைத் தின்றுவிடும். நெரிசலான நகரச் சாலையில் அதே அரை மணியில் 12 கிலோமீட்டர் நகர்வதற்கும் ஏறத்தாழ அவ்வளவுதான் ஆகும். ஏப்ரல் வந்தால் எண் தானாக ஏறிவிடும்.

எஞ்சினோடு மல்லுக்கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மின் ஹீட்டரால் மட்டும் கடுங்குளிரைச் சமாளிக்க முடியாது என்பதால், பல பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள், பேட்டரி முழுதாக இருந்தாலும் ஒரு வெப்பநிலைக்குக் கீழே எஞ்சினைத் தாமாகவே இயக்கிவிடுகின்றன. டொயோட்டா ராவ்4 பிரைமில் வெளியே மைனஸ் 10-ஐ ஒட்டிக் குளிர் இறங்கினால், ஹீட்டரைப் போட்டதும் எஞ்சின் எழுந்துவிடும். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. கோடையில் வீணாகும் அந்தச் சூட்டைக் குளிர்காலத்தில் காருக்குள் திருப்பிவிடுகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல், எஞ்சின் எழுந்த மறுநிமிடமே ஹீட்டரை அணைப்பதும், மூன்று கிலோமீட்டரில் உள்ள கடைக்கு நடுங்கிக்கொண்டே போய் வருவதுமாக ஒரு குளிர்காலத்தையே கழித்தேன்.

எஞ்சின் ஓடுவதைவிட, அது இரண்டு நிமிடம் ஓடி அணைந்து, மறுபடி இரண்டு நிமிடம் ஓடுவதுதான் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விட்டாலும், ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் சரியாக எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. ஆயில் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறவே விடாவிட்டால் அங்கேயே தங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது ஆயில் அளவு குறையாமல் சற்றே ஏறியிருந்ததைக் கண்டு, அடடா, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத எஞ்சின் என்று நான் மகிழ்ந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்திருந்தால், அதன் உட்புறத்தில் பால் அதிகமான தேநீரின் நிறத்தில் ஒரு களிம்பு அப்பியிருப்பதைப் பார்த்திருப்பேன்.

பிப்ரவரியில் ஒருநாள், மைனஸ் 33-இல், போர்ட்டேஜ் லா ப்ரெய்ரி நோக்கி நெடுஞ்சாலையில் போனேன். அடியில் சேரும் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பிசிவி குழாய், அத்தனை நாள் தங்கிய ஈரத்தால் உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் உள்ளே அழுத்தம் ஏறி, போக வழியில்லாமல், கிராங்க் தண்டின் பின்பக்கம் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைப் பிதுக்கித் தள்ளிவிட்டது. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பனியின்மேல், வந்த வழி நெடுக, கறுப்புக் கோடு. அந்தச் சீலின் விலை அற்பம், ஆனால் அதைத் தொடுவதற்குக் கியர்பெட்டியையே இறக்க வேண்டும். பழைய கார், வாரண்டியும் இல்லை. பில் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்டது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் மிச்சம் பிடித்த பெட்ரோல் இரண்டு டேங்க்கூட இருக்காது.

இப்போது என் வழக்கம் வேறு. எஞ்சின் எழுந்தால் ஓடவிடுகிறேன். வாரம் ஒருமுறையாவது, பேட்டரியை எஞ்சினால் நிரப்பும் சார்ஜ் மோடைப் போட்டு, அரை மணி நேரம் நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன். ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல் நாட்காட்டியைப் பார்த்து மாற்றுகிறேன்: குளிர் தொடங்கும்முன் ஒருமுறை, பனி உருகியதும் ஒருமுறை. செவ்ரலே வோல்ட் என்ற பிளக்-இன் ஹைப்ரிட் காரைச் செய்தவர்கள், ஆறு வாரம் போல எஞ்சின் ஓடாமல் கிடந்தால் காரே அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிவைக்கும்படி அமைத்திருந்தார்கள். காரைச் செய்தவர்களுக்கே இருந்த கவலை எனக்கு இல்லாமல் போயிற்று.

பிளக்கில் இருக்கும்போது சூடேற்றினால் பேட்டரி குறையாது என்று நினைப்பது

புறப்படுமுன் கைப்பேசியில் அழுத்திக் காரைச் சூடேற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டின் சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 ஆம்பியர் இழுத்தால் வருவது 1.4 கிலோவாட், ஹீட்டர் கேட்பது அதைப்போல மூன்று நான்கு மடங்கு. மீதி பேட்டரியிலிருந்துதான் போகும். 240 வோல்ட் சார்ஜர் இருந்தால் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

வாகன நிறுத்தக் கம்பத்தில் இருக்கும் பிளக்கை நம்பியும் ஏமாந்தவர்கள் உண்டு. அவை நிறுத்திய காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும், சில நூறு வாட் இழுக்கும் பிளாக் ஹீட்டருக்காகப் போட்டவை. மின்செலவைக் குறைக்க, வெளியே உள்ள குளிரின் அளவைப் பொறுத்து மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் கருவி பொருத்தியவையும் இந்த ஊரில் இருக்கின்றன. இரவு முழுவதும் செருகிவைத்தும் காலையில் பாதிகூட ஏறாமல் இருந்ததற்கு ஒருமுறை சார்ஜரைத் திட்டித் தீர்த்தேன். தவறு அதனுடையது அன்று. நாலைந்து கார்கள் சேர்ந்து செருகினால் பிரேக்கரும் விழும், எனவே குடியிருப்பு மேலாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

பெரிய பேட்டரி முழுதாக இருந்தும் கார் உயிர்பெறாமல் கிடக்கும். அதை எழுப்பும் சுவிட்சுகளுக்கு மின்சாரம் தருவது இந்தச் சின்ன பேட்டரிதான். நான்கு வயதைத் தாண்டியிருந்தால் நவம்பரிலேயே சோதித்துவிடுங்கள்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் என்று நம்புவது

காலை எடுத்ததும் மோட்டார் பேட்டரியைச் சார்ஜ் செய்வதால்தான் வேகம் குறைகிறது. கடுங்குளிரில் கிடந்த பேட்டரி அந்தச் சார்ஜை அதிகம் ஏற்காது. பிரேக்கை மிதியுங்கள்.

டேங்கை அடிமட்டத்தில் வைத்திருப்பது

கடுங்குளிரில் அந்தப் பெட்ரோல்தான் உங்கள் ஹீட்டர். பாதிக்குக் கீழே இறக்காதீர்கள்.