பைத்தானில் தமிழ் வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்க

இடைவெளியில் வெட்டினால் போதும் என்றால் வரியை வெட்டித் தரும் ஸ்பிளிட் (split) என்ற கட்டளையை அடைப்புக்குள் எதுவும் கொடுக்காமல் கூப்பிடுங்கள். இடைவெளியைக் கொடுத்துக் கூப்பிட்டால், இரண்டு இடைவெளி சேர்ந்து வரும் இடத்தில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் ஒன்று பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி மட்டும் சொல்லோடு ஒட்டியே வரும். சரி, அதைத் தவிர்க்க, பைத்தானோடு வரும் ஆர்இ (re) என்ற பேட்டர்ன் தேடும் மாட்யூலில், பொருந்துவதையெல்லாம் எடுத்துத் தரும் ஃபைண்ட்ஆல் (findall) போட்டு, சொல் எழுத்துகளின் தொடரைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் (\w+) பேட்டர்னைக் கொடுத்தால் ‘தமிழ்’ என்ற சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகிவிடும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்வதில்லை. இதைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. பைத்தானுக்கு மாட்யூல்களை நிறுவித் தரும் பிப் (pip) மூலம் ரீஜெக்ஸ் (regex) என்ற மாட்யூலை நிறுவி அதே பேட்டர்னைக் கொடுங்கள், முழுச் சொல்லாக வரும். எழுத்தெழுத்தாக வேண்டுமா? அதிலேயே பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் (\X) கொடுத்தால் த, மி, ழ் என்று 3 எழுத்தும் ஒழுங்காக வரும். சரத்தின் நீளத்தைச் சொல்லும் லென் (len) இதே ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, 5 என்று சொல்லும், அதை நம்பி எழுத்தை எண்ணாதீர்கள்.