பட்டனை அமுக்கினால் காது அடைக்கும் ஆன்டெனா

வேளச்சேரி மொட்டைமாடியில் மூன்று வாரம் வீணானது. ஒரே பிவிசி குழாயில் இரண்டு யாகி (ஒரு திசை நோக்கிய) ஆன்டெனா, கையில் இரண்டு ரேடியோ செட். எஸ்ஓ-50 என்ற அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளுக்கு 145.850 மெகாஹெர்ட்ஸில் (விஎச்எஃப்), அது நம் பேச்சை ஏற்கத் தேவையான 67 ஹெர்ட்ஸ் டோனுடன் பேச ஒன்று, 436.795-இல் (யுஎச்எஃப்) கேட்க மற்றொன்று. சும்மா கேட்கும்போது தெளிவு. பேசும் பட்டனை அமுக்கினாலோ கேட்கும் செட் ஊமையாகிவிடும்.

செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் விலகலோ என்று 436.805-இல் தொடங்கி மெல்ல இறக்கிப் பார்த்தேன். கேபிள், கனெக்டர், பேட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. பக்கத்து மாடி செல்போன் டவர்மீதும் வீண்பழி போட்டேன்.

அப்புறம் பேசும் செட்டில் ஆன்டெனாவைக் கழற்றி, சிக்னலை வெளியே விடாமல் விழுங்கும் டம்மி லோடு போட்டேன். கேட்பது சரியாக இருந்தது! ஆக, என் சிக்னல்தான் ஆன்டெனா வழியாக உள்ளே புகுந்து செட்டைத் திணறடிக்கிறது.

இங்கேதான் எனக்குத் தெரியாத சங்கதி. 145-க்கு வெட்டிய அரை அலைக் கம்பி, அதன் மூன்று மடங்கான 437 பக்கமும் ஒத்ததிர்கிறது. இரண்டு ஆன்டெனாவின் கம்பிகளையும் ஒரே திசையில் வைத்திருந்ததால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்கு எளிதில் தாவியது. ஒன்றை 90 டிகிரி திருப்பியதும் பாதித் தொல்லை போனது.

மீதிக்கு, கேட்கும் கேபிளில், விஎச்எஃப், யுஎச்எஃப் சிக்னல்களைப் பிரிக்கும் ஒரு டைப்ளெக்ஸர். பொது முனை செட்டுக்கு, யுஎச்எஃப் முனை ஆன்டெனாவுக்கு. விஎச்எஃப் முனையைத் திறந்து விடாமல் 50 ஓம் லோடால் மூடினேன்.

அடுத்த சுற்றில் என் குரலே வானிலிருந்து திரும்பி வந்தது. அப்பாடா!