ஸ்பேம் ஃபில்டருக்குக் காசு கட்டலாமா? முதலில் எண்ணிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் மாமா, குப்பை மின்னஞ்சலைச் சலிக்கும் ஸ்பேம் ஃபில்டர் ஒன்றை மாதச் சந்தாவில் வாங்கலாமா என்று கேட்டார். 99 விழுக்காடு குப்பையைப் பிடிக்குமாம், விற்க வந்தவர் சொன்னது.

அந்த எண்ணை நம்பி மட்டும் இறங்காதீர்கள். எதையுமே உள்ளே விடாத ஃபில்டர் நூற்றுக்கு நூறு பிடிக்கும், உங்கள் ஆர்டரையும் சேர்த்துத்தான். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரண்டு கோடு போட்டு, இப்போதுள்ள இலவச ஃபில்டரைத் தாண்டி இன்பாக்ஸில் நுழைந்த குப்பை எத்தனை, ஸ்பேமில் விழுந்த நல்ல கடிதம் எத்தனை என்று இரண்டு வாரம் தினமும் கடை அடைக்கும்முன் குறியுங்கள். மாதக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால், ஜிமெயில் ஸ்பேமில் இருப்பதை 30 நாளில் தானே அழித்துவிடும்.

300 குப்பையில் 3 நுழைந்தால் அதுதான் அந்த 99 விழுக்காடு. அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதே நாள்களில் வந்த 40 நல்ல கடிதத்தில் 2 ஸ்பேமுக்குப் போயிருந்தால் இருபதுக்கு ஒன்று போச்சு, அதில் ஒன்று எஸ்டேட் கிராணி அனுப்பிய டிராக்டர் பாக ஆர்டராக இருந்தால் என்ன செய்வீர்கள்? என் மகளுக்கு வந்த நேர்காணல் கடிதமே ஸ்பேமில்தான் கிடந்தது, இரண்டு நாள் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

நுழைந்த குப்பையிலும் எல்லாம் ஒன்றல்ல. லாட்டரிக் கடிதம் பத்து வந்தாலும் பரவாயில்லை, பேங்க் பெயரில் லிங்க்கோடு வரும் ஒன்றைப் பத்தாகக் கணக்கு வையுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள்.

அப்புறம், தவறி விழுந்த ஒவ்வொன்றிலும் 'ஸ்பேம் அல்ல' பொத்தானை அழுத்தி, அனுப்பியவரைத் தொடர்புப் பட்டியலில் சேருங்கள். நாம் அழுத்துவதை வைத்தும் ஃபில்டர் கற்றுக்கொள்கிறது. மறுபடி இரண்டு வாரம் எண்ணுங்கள், தவறு குறைந்தால் இலவசமே போதும்.

மாமாவின் பாதித் தலைவலி வேறு. அவர் அனுப்பும் பில்தான் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழுந்தது. கடையின் சொந்த டொமைனில் (கடை பெயரிலான இணைய முகவரி), கடிதம் அங்கிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டுமே இல்லை, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களிடம் இதில் ஒன்றாவது இருக்க வேண்டும். வருவதைச் சலிக்கும் ஃபில்டரை எவ்வளவு கொடுத்து வாங்கினாலும் அது தீராது. டொமைன் விற்றவரைக் கூப்பிட்டுச் சரிசெய்தோம், சந்தா எடுக்கவில்லை.