உங்கள் ஊர்க் குளிர்த்தி மரபைக் கேட்டு எழுதும் முறை

கண்ணகியைக் ‘கண்ணகை அம்மன்’ என்று வழிபடும் கிழக்கிலங்கை ஊர் ஒன்றில், அம்மனின் சூட்டைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கையும், அவள் அருளால் நோய் தணியும் என்னும் நம்பிக்கையையும் பதிவு செய்ய விரும்புபவர் முதலில் கைவிட வேண்டிய சொல் ‘குணம்’ என்பதாகும். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மூதாட்டியிடம், மகனுக்கு வந்த கொப்பளிப்பான் (சின்னம்மை) எத்தனை நாளில் குணமாகியது என்று நான் கேட்டேன். “குணமெண்டு சொல்லக்கூடா மனே, அம்மாள் இறங்கிற்றா எண்டு சொல்லணும்” என்று திருத்திவிட்டு, அவர் பாக்கு வெட்டுவதைத் தொடர்ந்தார். இங்கே நோய் என்பது அம்மாளின் வருகை. தணிக்கப்பட வேண்டியது அவளுடைய சூடு. இதை மனத்தில் இருத்திக்கொண்ட பின்னரே கேள்விகளைத் தயாரிக்க வேண்டும்.

களத்துக்குப் போகுமுன் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் உள்ள சிறு உரைநடைப் பகுதியாகிய உரைபெறு கட்டுரையைப் படித்துவிடுங்கள். பாண்டிய நாட்டில் மழை வறண்டு, வெப்புநோயும் கொப்புள நோயாகிய குருவும் தொடர்ந்தன என்றும், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்தபின் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்றும் அது கூறுகிறது. அதைக் கேட்ட இலங்கை மன்னன் கயவாகு ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்ற செய்தியும் அங்கேயே வருகிறது. கண்ணகி வழிபாட்டை அம்மைக்கும் மழைக்கும் பொறுப்பாக்கிய கருத்து எவ்வளவு பழையது என்பதற்கு இந்தச் சில வரிகளே போதும். ஆனால், ஊரார் சொல்லும் தோற்றக் கதை வேறு. மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளை ஆய்ச்சியர் குளிரச் செய்தார்கள் என்பதே அது; கோயில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரை என்னும் கதைப் பாடலின் குளிர்ச்சிக் காதை அதனோடு சேர்ந்தது. இளங்கோவடிகளின் கண்ணகியோ வையைக் கரைவழியே மேற்கே நடந்து, பதினான்கு நாளின் பின் வேங்கை மர நிழலில் விண்ணேறுகிறாள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதுவதே இத்துறையில் நான் அடிக்கடி காணும் பிழை. எது ஏட்டில் உள்ளது, எது வாயில் உள்ளது என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என எந்த ஊருக்குப் போனாலும், சடங்கு நடைபெறும் வைகாசி மாதமே உரிய காலம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும் கோயிற் கதவு திறக்கும் நாளுக்கு முன்னரே வண்ணக்கரையும் (கோயில் நிருவாகி) கட்டாடியாரையும் (பூசகர்) கண்டு, என்ன எழுதப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி அனுமதி பெறுங்கள். படம் எடுப்பதற்கும் குரலைப் பதிவதற்கும் தனித்தனியே கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதித்தவர் மற்றதற்கும் சம்மதிப்பார் என்று எண்ணக்கூடாது. குளிர்த்தி நாளில் மட்டும் தலைகாட்டுபவருக்குக் கூட்டந்தான் தெரியும். கதவு திறந்த நாளிலிருந்து இருப்பவருக்கே, மடை (படையல்) வைப்பவர் யார், எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த உரிமை என்பன விளங்கும்.

குளிர்த்திப் பாடல் தொடங்கியதும் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு குளிர்த்தியில், வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீர் தெளிக்கப்பட்டபோது, ஒரு தாய் தன் தலையைக் குனியாமல் மடியிலிருந்த குழந்தையின் தலையை முன்னே நீட்டினார்; பின்னர் அந்த நீரில் சிறிதளவைப் போத்தலில் பிடித்து, சேலைத் தலைப்பால் சுற்றி எடுத்துச் சென்றார். அந்தப் போத்தல் வீட்டில் எங்கே வைக்கப்படும், யாருக்கு எப்போது தெளிக்கப்படும் என்று கேட்டாலே பாதி நம்பிக்கை வெளியே வந்துவிடும்.

மீதியைப் பெண்களிடம், அவர்களுடைய வீட்டில் கேட்க வேண்டும். அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது, மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காதிருப்பது, இறங்கியபின் தண்ணீர் வார்ப்பது ஆகியவற்றை ‘ஏன்’ என்று கேட்காமல், ‘கடைசியாக எப்போது செய்தீர்கள்’ என்று கேளுங்கள். ‘ஏன்’ என்றால் பொதுவான பதிலும், ‘எப்போது’ என்றால் ஒரு முழுக் கதையும் கிடைக்கும். மாரியம்மன் பெயரும் கண்ணகையின் பெயரும் ஒரே பேச்சில் மாறி மாறி வரலாம். அதை நீங்கள் திருத்த வேண்டாம், வந்தபடியே எழுதுங்கள். வைத்தியசாலைக்குப் போனார்களா என்பதையும் கேளுங்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. கொப்பளிப்பானோ இன்றும் உண்டு, கர்ப்பிணிகளுக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கும் அது ஆபத்தானது. வேப்பிலை செருகிய வீட்டார் மருத்துவரிடமும் போவதைப் பெரும்பாலானோர் முரணாகக் கருதுவதில்லை. நீங்களும் அதை முரணாக்கி எழுதாதீர்கள்.

வடசேரி கோவலன் பக்கமும் தென்சேரி கண்ணகி பக்கமுமாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கோத்து ஒன்று முறியும்வரை இழுத்து ஆடிய கொம்புமுறியை நினைவுகூரும் முதியவர் அகப்பட்டால், அதற்கு ஒரு நாளைத் தனியே ஒதுக்குங்கள். மழைக்காகவும் நோய் தீரவும் ஆடப்பட்ட அந்த விளையாட்டுக்குச் சிங்களவர் கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக வழிபடும் மரபில் அங்கெலிய என்னும் உறவு விளையாட்டு உண்டு.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாமல், சொன்னவரிடமே கொண்டுபோய் உரக்க வாசித்துக் காட்டுங்கள். மேலே சொன்ன மூதாட்டி என் படியில் மூன்று இடங்களில் நிறுத்தச் சொன்னார். அவற்றில் இரண்டு, ‘நோய்’ என்று நான் எழுதிய இடங்கள்.