‘கூட்டணி’ என்று எழுதுவதற்கு முன்

வேலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டித் தேர்வு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி நடத்திவருகிறேன். சென்ற மாதம் ‘மாறிவரும் ராணுவக் கூட்டணிகளும் உலக அதிகாரச் சமநிலையும்’ என்ற தலைப்பைக் கொடுத்துத் திருத்த உட்கார்ந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நானே செய்த பிழைகள் வெவ்வேறு கையெழுத்துகளில் என் முன் வந்து நின்றன. தலைநகரங்களை மாற்றி எழுதுவது, நேட்டோ ராணுவக் கூட்டணியை ஐ.நா.வின் உறுப்பாகக் கருதுவது போன்றவற்றை மாணவர்கள் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

உடன்படிக்கையின் வாசகத்தைப் படிக்காமல் எழுதுவது

‘கூட்டணி’ என்ற சொல் நமக்குத் தேர்தல் வழியாகப் பழகியது. அந்தப் பழக்கத்தில் நேட்டோ, குவாட் (அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா), பிரிக்ஸ், ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு ஆகிய எல்லாவற்றையும் கூட்டணி என்றே எழுதிவிடுகிறோம். அப்படி எழுதிய கணத்திலேயே, ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்ற நாடுகள் படையோடு வந்து நிற்கும் என்ற முடிவும் சொல்லாமலேயே வாக்கியத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நானும் அப்படித்தான் எழுதினேன். 1971 ஆகஸ்ட் 9 அன்று புதுதில்லியில் கையெழுத்தான இந்திய சோவியத் உடன்படிக்கையின்படி, இந்தியா தாக்கப்பட்டால் சோவியத் படை போரில் இறங்கக் கடமைப்பட்டிருந்தது என்று மாணவர்களுக்காக அச்சிட்ட கையேட்டில் குறிப்பிட்டிருந்தேன். கணியம்பாடிக்கு அருகே, ராணுவத்தில் சேர்ந்தவர்கள் நிறைந்த கம்மவான்பேட்டையில் நடந்த ஒரு கூட்டத்தில் அதையே பேசவும் செய்தேன். கூட்டம் முடிந்ததும் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் கையேட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சோவியத் படை வந்தே ஆகணும்னு எந்த ஷரத்துல எழுதியிருக்குது சார்?” என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏனெனில் உடன்படிக்கையை நான் படித்ததே இல்லை.

அதன் 9ஆம் ஷரத்து சொல்வது இதுதான்: ஒரு தரப்போடு போரிடும் நாட்டுக்கு மறு தரப்பு உதவி செய்யக் கூடாது; தாக்குதலோ தாக்குதல் அச்சமோ ஏற்பட்டால் இருவரும் உடனே கலந்தாலோசித்து, அச்சத்தை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். படை அனுப்ப வேண்டும் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா பாகிஸ்தான் போரின்போது ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் ஒன்றியம் தன் மறுப்பாணையால் (வீட்டோ) தடுத்ததே இந்தியாவுக்குப் பேருதவியாக இருந்தது. அதைக்கூட நான் எழுதாமல் விட்டிருந்தேன். கையிருப்பில் இருந்த 300 பிரதிகளிலும் பசை தடவித் திருத்தத் துண்டு ஒட்ட இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அதற்குள் விற்றுப்போன பிரதிகளில் துண்டு இல்லை. அந்தப் பழைய வாக்கியம் சொல் மாறாமல் இன்றும் மாணவர்களின் விடைத்தாளில் வரும்போது எனக்குக் கோபமும் வருத்தமும் ஒருசேர எழுகின்றன.

நேட்டோவைப் பற்றி எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். 5ஆம் ஷரத்து, ஒருவர் மீதான தாக்குதலை எல்லார் மீதுமான தாக்குதலாகக் கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் செய்ய வேண்டியது, ஆயுதப் படையைப் பயன்படுத்துவது உட்பட, ‘தான் தேவையெனக் கருதும் நடவடிக்கை’ மட்டுமே. அதன் எல்லையை 6ஆம் ஷரத்து வரையறுக்கிறது. 1982இல் பிரிட்டன் பாக்லாந்து தீவுகளுக்காகப் போரிட்டபோது, தெற்கு அட்லாண்டிக் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. குவாட் அமைப்புக்கோ இத்தகைய உடன்படிக்கையே கிடையாது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவுடன் தனித்தனியே பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்ட நாடுகள். இந்தியா அவ்வாறு செய்துகொண்ட நாடு அன்று. நால்வரையும் ஒரே தட்டில் வைத்து எழுதினால் கட்டுரையின் அடித்தளமே தவறாகிவிடும்.

மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றால் உக்ரைனுக்கு அளிக்கப்பட்டது, அதன் எல்லைகளை மதிப்போம் என்ற உறுதிமொழி. அதை ‘பாதுகாப்பு உத்தரவாதம்’ என்று தமிழில் எழுதுகிறவர்கள், அந்த ஆவணத்தில் இல்லாத ஒரு கடமையை உள்ளே புகுத்திவிடுகிறார்கள். உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்தது அந்த உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டுதான் என்பதால், இந்த ஒரு சொல்லின் வேறுபாட்டை நான் சிறியதாகக் கருதுவதில்லை.

ஆயுதம் வாங்குவதை அணி சேர்வதாகக் கொள்வது

நேட்டோ உறுப்பினரான துருக்கி 2019இல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பைப் பெற்றது. அதற்காக அமெரிக்கா அதை எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து நீக்கியது. ஆயினும் துருக்கி இன்றும் நேட்டோவில்தான் இருக்கிறது. இந்தியா ரஷ்யாவிடம் எஸ்-400, பிரான்சிடம் ரஃபேல் என இரண்டையும் வாங்கியிருக்கிறது.

ஒரு படி விலகியதை முறிவு என்று எழுதுவது

1966இல் பிரான்ஸ் நேட்டோவின் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து விலகியது, உடன்படிக்கையிலிருந்து விலகவில்லை. 2009இல் படைத் தலைமைக்குத் திரும்பியது.

தேதியிடாமல் உறுப்பினர் எண்ணிக்கை கொடுப்பது

பின்லாந்து 2023 ஏப்ரலிலும் சுவீடன் 2024 மார்ச்சிலும் சேர்ந்தபின் நேட்டோவில் 32 நாடுகள்.

‘பனிப்போர் திரும்பிவிட்டது’ என்று தொடங்குவது

வேண்டாம்.

வாசகத்தோடு நின்றுவிடுவது

ஷரத்தைப் படித்துவிட்டவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. எழுதியிருப்பதால் நடந்தே தீரும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பின் உறுப்பினரான ஆர்மீனியா, 2022 செப்டம்பரில் தன் எல்லைக்குள் அஜர்பைஜான் தாக்கியபோது அந்த அமைப்பின் உதவியைக் கோரியது. நிலைமையைப் பார்வையிடக் குழு வந்ததே தவிரப் படை வரவில்லை. 2024இல் ஆர்மீனியா அந்த அமைப்பில் தன் பங்கேற்பை நிறுத்திவைத்தது. ஆகவே ஷரத்தைச் சொன்ன கையோடு, கடமைப்பட்ட நாட்டுக்கு அந்த நேரத்தில் வேறு எங்கே போர் இருந்தது, அதன் நலன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். 2022இல் ரஷ்யாவின் படை உக்ரைனில் சிக்கியிருந்தது.

இதற்கு நம் வட ஆற்காட்டிலேயே தெளிவான சான்று இருக்கிறது. 1769இல் மதராஸ் உடன்படிக்கையில், ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று கிழக்கிந்தியக் கும்பெனியும் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது ஹைதர் உதவி கேட்டார், கும்பெனி வரவில்லை. ஹைதர் அதை மறக்கவில்லை. 1780 ஜூலையில் அவருடைய படை கணவாய்கள் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் (ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதி; இன்றைய கர்நாடக மாநிலம் அன்று) இறங்கியது, அந்த ஆண்டு முடிவதற்குள் ஆற்காடு அவர் கைக்குப் போனது. வேலூர்க் கோட்டை முற்றுகைக்குள் சிக்கி உணவுக்குத் தவித்தது. 1782 ஜனவரியில் கும்பெனித் தளபதி அயர் கூட்டின் படை தானியம் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடிக்க முடிந்தது. அந்தக் கோட்டையின் அகழியைத் தாண்டித்தான் என் மாணவர்களில் பாதிப் பேர் வகுப்புக்கு வருகிறார்கள். சென்ற மாதம் நான் திருத்திய விடைத்தாள்கள் ஒன்றில்கூட 1769 என்ற எண் இல்லை.