பாபேல் கோபுரம் ஓவியத்தைப் படிப்பது எப்படி?

ஓவியம் பார்க்கப் பழக, கட்டடம் உள்ள படத்தில் தொடங்குவது சுலபம். நான் எடுத்திருப்பது 1563-இல் ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்த பாபேல் கோபுரம். அசல் வியன்னாவில் இருக்கிறது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம், 155 செ.மீ. அகலம், 114 செ.மீ. உயரம். இணையத்தில் பெரிய அளவுப் படம் கிடைக்கும். அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. பாபேல் கோபுரம் பைபிளில் வரும் கதை. அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். முதலில் படத்திலேயே மிகச் சின்ன மனிதனைத் தேடுங்கள். ஆட்கள் எறும்பளவுதான். வலப்பக்கம் துறைமுகம், கப்பல்கள், இடப்பக்கம் ஊர். அந்த ஊரின் கூரைகளோடு ஒப்பிட்டால்தான் கோபுரம் எவ்வளவு பெரிது என்று உறைக்கும்.

2. ஒரு ஸ்கேல் எடுங்கள். எனக்குப் பிடித்த படி இதுதான். கோபுரத்தைச் சுற்றி ஏறும் பாதை சரிவாகப் போகிறது அல்லவா? சுவரில் வாசல் மாதிரி இருக்கும் வளைவுகளை (ஆர்ச்) அந்தச் சரிவுக்குச் செங்குத்தாகக் கட்டியிருக்கிறார்கள், தரைக்கு அல்ல. ஸ்கேலை நிமிர்த்தி நேராகத் திரையில் வைத்துப் பாருங்கள், கோபுரமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடிநிலைகள் முடியவில்லை, அதற்குள் உச்சி மேகத்தைத் தொட்டுவிட்டது. நம்மூர்க் கொத்தனார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

3. இந்த வடிவம் எங்கிருந்து வந்தது? அடுக்கடுக்கான வளைவுகள் ரோமின் பழைய வட்ட அரங்கமான கொலோசியத்தை நினைவூட்டும். 1550-களின் தொடக்கத்தில் புரூகல் இத்தாலி போய்வந்தவர். ஆனால் இடப்பக்க ஊர் அவர் வாழ்ந்த பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம்) பக்கத்து ஊர் மாதிரி இருக்கிறது. பழைய கதையைத் தன் காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

4. இப்போது கதைக்கு வாருங்கள். பைபிளின் முதல் நூலான ஆதியாகமம், 11-ஆம் அதிகாரம்: வானத்தை எட்டக் கோபுரம் கட்டியவர்களின் மொழியைக் கடவுள் குழப்பினார், வேலை நின்றது. அங்கே கல்லுக்குப் பதில் செங்கல் என்றுதான் இருக்கும். படத்தில் உள்ளே செங்கல், வெளியே கல். இடப்புறம் கீழே கல் கொத்துகிறவர்கள் ராஜா முன்னால் மண்டியிடுகிறார்கள். மரபுப்படி அவன் நிம்ரோத், கோபுரத்தைக் கட்டச் சொன்ன ராஜா. வலப்பக்கம் பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்தே பாரம் தூக்கும் கிரேன்.

மொழி குழம்பியதால் நின்றது என்கிறது கதை. படத்தைப் பார்த்தால், குழம்பாமல் இருந்திருந்தாலும் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

5. வீட்டுப்பாடம். இதே கோபுரத்தைப் புரூகல் சிறிதாக வரைந்த இன்னொரு ஓவியம் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இருக்கிறது. அதில் முன்னால் நிற்கும் ராஜா இல்லை, நிறமும் இருண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாம் படியை மறுபடி செய்யுங்கள்.