ஆன் ஆகாத கம்ப்யூட்டரும் வீண்பழி சுமக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும்

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது போலிருக்கிறது, புதிதாக ஒன்று எடுத்து வந்துவிடுங்கள்." என் சர்வீஸ் கடைக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். எஸ்எம்பிஎஸ் என்பது சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், உள்ளே இருக்கும் பெட்டி. நோயையும் மருந்தையும் அவர்களே சொல்லிவிட்டால் எனக்கு என்ன வேலை? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது?

ஒன்றுமே நடக்காமல் இருப்பது வேறு. விசிறி ஒரு சுற்று சுற்றிவிட்டு நிற்பது வேறு. விசிறி ஓடிக்கொண்டே இருந்து திரை மட்டும் கறுப்பாகக் கிடப்பது முற்றிலும் வேறு. இது தெரியாமல் பாகம் வாங்கினால் காசுதான் போகும்.

முதலில் அடியோடு அசைவில்லாத கேஸ். பிளக் பாயின்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவரில் இணையுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் தன் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடுவது வழக்கம். அடுத்து, பல மானிட்டர்களுக்கு வருவதும் கேபினட்டுக்கு (கம்ப்யூட்டர் பெட்டிக்கு) வருவதும் ஒரே மாதிரிக் கம்பிதான். மாற்றிச் செருகினால் கம்பி நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். கேபினட்டின் பின்னால் எஸ்எம்பிஎஸ் அருகிலுள்ள சிறு சுவிட்ச், வீடு கூட்டும்போது அணைந்திருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். நம் ஊரில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அத்தோடு முடிந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பிளக்கில் மின்சாரம் இருக்கும்போது பல மதர்போர்டுகளில் (எல்லாப் பாகங்களும் செருகப்படும் பெரிய பலகை) ஒரு சிறு விளக்கு எரியும். அது எரிந்தால், கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் தர வேண்டிய 5 வோல்ட் வருகிறது என்று பொருள். விளக்கு இல்லாத போர்டு என்றால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் 24 பின் இணைப்பில் ஊதா நிறக் கம்பியின் பின்புறம் மல்டிமீட்டரின் (வோல்ட் அளக்கும் கருவி) சிவப்பு முனையையும், கேபினட்டின் வெற்று உலோகத்தில் கறுப்பு முனையையும் வையுங்கள். 5 வோல்ட் காட்டினால் என் சந்தேகம் முதலில் பவர் பட்டன் மேல்தான் போகும். அழுத்தி அழுத்தி அதுதானே தேய்கிறது. பட்டனிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் மதர்போர்டில் எங்கே செருகப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அதைக் கழற்றி, அந்த இரண்டு பின்களையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொடுங்கள். பயப்பட வேண்டாம், அங்கே இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டதா? ரீசெட் பட்டனின் கம்பியை எடுத்து அந்த இடத்தில் செருகுங்கள். இனி ரீசெட்தான் பவர் பட்டன். செலவு பூஜ்யம். எங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு கணினி இப்படித்தான் இன்றும் ஓடுகிறது.

அப்போதும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, எல்லா இணைப்புகளையும் கழற்றி, 24 பின் இணைப்பில் பச்சைக் கம்பியின் துளையையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியின் துளையையும் காகித கிளிப்பால் இணைத்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். விசிறி சுற்ற வேண்டும். (சுமை ஏறினால்தான் விசிறி சுற்றும் வகைகளும் உண்டு, அவற்றுக்கு மீட்டர்தான் வழி. எல்லாக் கம்பிகளும் கறுப்பாக இருந்தால் குத்துமதிப்பாகக் குத்தாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.) விசிறி சுற்றினாலே நல்லது என்றும் முடிவுகட்ட முடியாது. மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை வோல்ட் இருக்க வேண்டும். சுமையில்லாமல் சரியாகக் காட்டிவிட்டுச் சுமையில் சரிவதும் உண்டு.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாக கெப்பாசிட்டரில் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் காத்திருக்கும்.

விசிறி ஒரு சுற்றோடு நின்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. இதற்குக் குறுக்கு வழியே கிடையாது. ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி கம்பி என ஒவ்வொன்றாகக் கழற்றி, கழற்றும் ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்க மறக்க வேண்டாம். முன்பக்க யுஎஸ்பி துளைக்குள் வளைந்த உலோகம் ஒன்றே கம்ப்யூட்டரை மடக்கிவிடும். போர்டுக்கு அடியில் உருண்டுபோன திருகாணியும் அப்படியே. கடைசியில் பிராசசரும் ஒரு ராமும் (நினைவகப் பட்டை) மட்டும் மிஞ்சி, அப்போதும் நின்றுபோனால், போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்துச் சோதியுங்கள்.

எல்லாம் ஓடித் திரை மட்டும் வரவில்லையா? எஸ்எம்பிஎஸ்ஸை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். ஈரக்காற்று உள்ள ஊர்களில் இதற்கே பாதிக் கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடும் என்பது என் எண்ணம். பிராசசர் அருகிலுள்ள 4 அல்லது 8 பின் இணைப்பு சரியாக உட்காராவிட்டாலும் இதே அறிகுறிதான். அதன் பிறகு மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கம்பி அதில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதைக் கேட்டுச் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஐப்பசி இடிக்குப் பிறகு செத்த கணினி என்றால் லேன் கம்பியை (இன்டர்நெட் கம்பியை) பிடுங்கிவிட்டு ஒருமுறை முயலுங்கள். மின்னல் அந்த வழியாகவும் நுழையும்.

எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட்டை நம்பி வாங்காதீர்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் அந்த வழியில் கிடைப்பது 192 வாட்தான், மேலே 450 என்று எழுதியிருந்தாலும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த வழியில்தான்.